அந்தமானுக்கு நண்பர்களோடு போகிறீர்களா? படகு டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

அந்தமான் பயணத்துக்கு ஏற்பாடு செய்பவர்களில் பெரும்பாலோர் முதலில் விமானம், அடுத்து அறை, அதன்பிறகு பார்க்க வேண்டிய இடங்கள் என்று போகிறார்கள். ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குப் போகும் படகை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் குழுவுக்கு ஏற்பாடு செய்த முகவரும் அப்படித்தான் செய்திருந்தார். ஹேவ்லாக் தீவில் அறை உறுதியாகி, முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் அன்று ஹேவ்லாக்குக்குப் போகும் எந்தப் படகிலும் எல்லோருக்கும் சேர்த்து இடம் இல்லை. பாதிப் பேர் காலையிலும் மீதிப் பேர் மாலையிலும் போய்ச் சேர்ந்தோம். அந்த நாளின் கடற்கரையும் போயிற்று, அறைக்குக் கட்டிய பணத்தில் பாதியும் வீணாயிற்று.

இந்தப் பயணத்தை முடிவு செய்வது கடல்தான். படகு எந்த நாளில், எந்த நேரத்தில் இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமைந்துவிடும். கீழே எழுதியிருப்பது சென்னையிலிருந்து போகும் ஒரு நண்பர் குழுவுக்கான வரிசை. தொகைகள் எல்லாம் ஏறத்தாழத்தான். பருவத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும்.

ஒரு முன்குறிப்பு. பெயர்கள் மாறியிருக்கின்றன. ஹேவ்லாக் இப்போது சுவராஜ் தீவு, நீல் இப்போது ஷஹீத் தீவு, ராஸ் இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. இவை மூன்றும் 2018-ல் மாறின. தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். டிக்கெட்டில் ஒரு பெயரும் அறை ரசீதில் இன்னொரு பெயரும் இருக்கும், பதற வேண்டாம். பேச்சில் எல்லோரும் சொல்வது பழைய பெயர்கள் என்பதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கடல் அடங்கியிருக்கும், தண்ணீருக்கு அடியில் தெளிவாகத் தெரியும். பிப்ரவரியும் மார்ச்சும் எனக்கு மிகப் பிடித்தவை, ஏனென்றால் டிசம்பர் கடைசியின் கூட்டமும் விலையும் அப்போது இல்லை.

மே மூன்றாவது வாரத்துக்குப் பிறகு போகாதீர்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வரும் முன்பே அந்தமானுக்கு வந்துவிடும். பள்ளி விடுமுறையை நம்பி மே கடைசியில் டிக்கெட் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மழை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கடல் கொந்தளித்தால் படகுகளையே நிறுத்திவிடுவார்கள். அக்டோபர், நவம்பரிலும் இந்த அபாயம் உண்டு. "அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது" என்று நம் ஊர்ச் செய்தியில் கேட்கிறோமே, அது உருவாகும் நாளில் நீங்கள் அங்கே இருப்பீர்கள். தீபாவளி விடுமுறையில்தான் எல்லோருக்கும் வசதிப்படும் என்றால், திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வெறுமனே விட்டு வையுங்கள்.

2. கிழமையைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

பெரும்பாலான பயணத் திட்டங்களில் விடுபட்டுப் போவது இதுதான். போர்ட் பிளேரில் இருக்கும் செல்லுலார் சிறைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். ராஸ் தீவுக்குப் புதன்கிழமை விடுமுறை. நகரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நாள் திங்களாகவோ புதனாகவோ அமைந்துவிட்டால், இவ்வளவு தூரம் வந்து வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வியாழக்கிழமை போய் இறங்குவது நன்றாகப் பொருந்துகிறது. வியாழன் பகலில் இறங்கி, மாலைக்குள் செல்லுலார் சிறை. வெள்ளி காலை ஹேவ்லாக். சனி முழுவதும் அங்கேயே. ஞாயிறு காலை அங்கிருந்து நீல் தீவு, இரவும் அங்கே. திங்கள் பிற்பகல் படகில் போர்ட் பிளேர். செவ்வாய் ராஸ் தீவும் கடைத்தெருவும். புதன் வீடு திரும்பும் விமானம். இரண்டு விடுமுறைக் கிழமைகளும் நமக்குத் தேவைப்படாத நாட்களில் விழுந்துவிடுகின்றன. சனி, ஞாயிறு போக, அலுவலகத்தில் ஐந்து நாள் விடுப்பு எடுத்தால் போதும். எல்லோரும் ஒரே நாளில் விடுப்பு வாங்குவதுதான் நண்பர் குழுவில் கடினமான வேலை. ஆகவே இந்த அட்டவணையை முதல் நாளே குழுவில் போட்டு ஒப்புதல் வாங்குங்கள். "பார்க்கலாம்" என்று சொல்பவரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பணம் அனுப்பியவர்தான் வருபவர்.

3. விமானமா, கப்பலா?

சென்னையிலிருந்து நேரடி விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும். இரண்டு மாதம் முன்பே எடுத்தால் போகவர ஒருவருக்கு ஏறத்தாழ 9,000 முதல் 14,000 ரூபாய் வரை ஆகலாம். பொங்கல், கிறிஸ்துமஸ் வாரங்களில் இது இரண்டு மடங்கைத் தாண்டும். காலை விமானமாகப் பாருங்கள். பிற்பகலில் இறங்கினால் அன்றைய நாள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலும் உண்டு. மூன்று நாள் பயணம். படுக்கை வகுப்புக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் கப்பல் தினமும் கிடையாது. அறிவித்த நாளும் வானிலையைப் பொறுத்துத் தள்ளிப் போகும். ஒரு வார விடுப்பில் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. மூன்று வாரம் கையில் இருக்கும் மாணவர்கள் மட்டும், அதுவும் ஒரு வழிக்கு மட்டும், யோசிக்கலாம்.

4. தீவுகளுக்கு இடையேயான படகு: அறைக்கு முன்னால் இதை முடியுங்கள்

விமான டிக்கெட் கைக்கு வந்த அன்றே இந்த வேலையை முடித்துவிடுங்கள். மூன்று பயணங்கள் தேவை: போர்ட் பிளேர் – ஹேவ்லாக், ஹேவ்லாக் – நீல், நீல் – போர்ட் பிளேர்.

தனியார் விரைவுப் படகுகள் சில ஓடுகின்றன: மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன், ஐடிடி மெஜஸ்டிக். ஹேவ்லாக் போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஒரு பயணத்துக்கு ஒருவருக்கு 1,200 முதல் 2,500 ரூபாய் வரை, வகுப்பைப் பொறுத்து. மூன்றையும் சேர்த்து ஒருவருக்கு 5,000 ரூபாய் என்று எழுதிக்கொள்ளுங்கள். உயர் வகுப்புக்கு அதிகம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொஞ்சம் அகலமான இருக்கை கிடைக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான விரைவுப் படகுகள் முழுக்க மூடிய, குளிரூட்டிய படகுகள். ஓடும்போது வெளியே வந்து நிற்க விடமாட்டார்கள். கடற்காற்றோடு மேல்தளத்தில் நின்று போக ஆசை இருந்தால் மேல்தளம் உள்ள படகா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

அரசுப் படகு சில நூறு ரூபாய்தான். நேரம் கொஞ்சம் கூடுதல். ஆனால் அதன் டிக்கெட் பயண நாளுக்குச் சில நாட்கள் முன்புதான் திறக்கும், தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு. அது நியாயமும்கூட: ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகும் மக்களுக்கு அதுதான் பஸ். ஆறு, ஏழு பேராகப் போகிறவர்கள் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, படகுத் துறை. போர்ட் பிளேரில் அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும் தனியார் படகுகள் ஹாடோ துறையிலிருந்தும் புறப்படுகின்றன. ஆட்டோக்காரரிடம் வெறுமனே "படகுத் துறை" என்று சொல்லாதீர்கள். டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் துறையின் பெயரைப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, பெயர். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். நம்மிடம் முன்னெழுத்து, அப்பா பெயர், ஊர்ப் பெயர் என்று ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. குழுவில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதிவு செய்யும்போது "கார்த்தி", "பாலா" என்று கூப்பிடும் பெயரை அடித்துவிட வாய்ப்பு அதிகம். ஒவ்வொருவரையும் அடையாள அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து நிரப்புங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. வீடு திரும்பும் விமானம் இருக்கும் நாளில் தீவுகளுக்கு இடையேயான படகை வைக்கவே வைக்காதீர்கள். காலை படகில் போர்ட் பிளேர் வந்து பிற்பகல் விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று காகிதத்தில் அழகாகத் தெரியும். ஒரு இரவு அறை வாடகை மிச்சம் என்றும் தோன்றும். கடல் கொஞ்சம் மோசமானால் படகு ரத்து. படகுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறவிட்ட விமானத்துக்கு ஒன்றும் கிடைக்காது. புறப்படுவதற்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் இருந்தே ஆக வேண்டும்.

புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறையில் இருங்கள்; பை சோதனை, அடையாள அட்டை சோதனை இரண்டும் உண்டு. கடல் பயணத்தில் குமட்டல் வருபவர்கள் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

5. ஆவணங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு அந்தமானுக்குப் போகத் தனி அனுமதி தேவையில்லை. அரசு அடையாள அட்டை ஒன்று அசலாக இருக்க வேண்டும்: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், இவற்றில் ஒன்று. தொலைபேசி இணைப்பு விட்டு விட்டு வரும் இடத்தில் செயலியைத் திறந்து காட்டலாம் என்று இருக்காதீர்கள். அசலோடு இரண்டு நகல்களையும் வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தில் ஒன்று வாங்கிக்கொள்வார்கள்.

ஓட்டுநர் உரிமத்தை மறக்காமல் எடுங்கள். ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஸ்கூட்டர்தான் வசதி. குழுவில் பாதிப் பேரிடமாவது உரிமம் இருந்தால்தான் இரண்டிரண்டு பேராகப் போக முடியும். விமான டிக்கெட், படகு டிக்கெட், அறை ரசீது எல்லாவற்றையும் அச்சிட்டு ஒரே உறையில் போட்டு ஒருவரிடம் கொடுங்கள். எல்லோருடைய தொலைபேசியிலும் படமாகவும் இருக்கட்டும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பரோ உறவினரோ உடன் வந்தால் அவருக்கு விதிமுறை வேறு. பாஸ்போர்ட், இந்திய விசா இரண்டும் அசலாக வேண்டும். வந்து இறங்கியதும் வெளிநாட்டவருக்கான பதிவு நடைமுறை இருக்கும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். அவர் பெயரில் படகு பதிவு செய்யும்போது பாஸ்போர்ட் எண்ணைக் கொடுங்கள்.

நிகோபார் தீவுகளுக்குச் சுற்றுலா கிடையாது. பழங்குடியினர் பகுதிகள் என்பதால் இந்தியர்களுக்கும் சிறப்பு அனுமதி வேண்டும். "நிகோபாருக்கும் கூட்டிப் போகிறோம்" என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

6. பணம்: எவ்வளவு, எப்படி

ஆறு இரவு, இருவருக்கு ஓர் அறை, நடுத்தர வசதி என்று எடுத்துக்கொண்டால் ஒருவருக்கு 36,000 முதல் 43,000 ரூபாய் வரை ஆகும். விமானம் ஏறத்தாழ 12,000, படகு 5,000, அறை ஒருவர் பங்கு ஓர் இரவுக்கு 1,300 முதல் 2,000, சாப்பாடு ஒரு நாளைக்கு 700 முதல் 900, ஸ்கூட்டர், ஆட்டோ, நுழைவுச்சீட்டு, ராஸ் தீவுப் படகு சேர்த்து 3,000, கடலுக்கடியில் மூழ்கிப் பார்ப்பதற்கு 3,500 முதல் 5,000. மீன் உணவு விரும்பிகளுக்குச் சாப்பாட்டுச் செலவு கூடும். ஹேவ்லாக்கில் எடைக்கு விலை சொல்லும் மீன்களைச் சமைக்கச் சொல்வதற்கு முன்பே மொத்த விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொக்கம் அவசியம். போர்ட் பிளேரில் ஏடிஎம்கள் நிறைய உண்டு. ஹேவ்லாக்கில் சில மட்டும், அவற்றிலும் பணம் தீர்ந்துபோகும். 2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்த பிறகு இணையம் முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் கடற்கரை ஓரக் கடையில் தொலைபேசி வழியாகப் பணம் அனுப்ப முயன்று, சுற்றிக்கொண்டே நிற்கும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். போர்ட் பிளேரை விட்டுப் புறப்படும் முன் ஒருவருக்கு 5,000 ரூபாய் ரொக்கமாக எடுத்துவிடுங்கள்.

பொதுச் செலவுக்கு எல்லோரும் சம தொகை போட்டு ஒருவரிடம் கொடுங்கள். அவர் அன்றன்று இரவு கணக்கை எழுதிக் குழுவில் போடட்டும். "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட கணக்குகள் ஊர் திரும்பி மாதக்கணக்கில் மனத்தில் உறுத்தும். நல்ல நட்புகளுக்கு அந்தச் சுமை வேண்டாம். கடலுக்குள் மூழ்க விரும்பாதவர் அந்தச் செலவில் சேர வேண்டாம் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

7. போர்ட் பிளேர்: சிறைக்கு நேரம் விடுங்கள்

முதலில் சூரியனைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அந்தமான் சென்னைக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது; கடிகாரம் மட்டும் நம்முடையதே. அதனால் அங்கே விடியலும் அந்தியும் சீக்கிரம். டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். பிற்பகல் 3 மணி வெயில் நம் ஊரின் நான்கு மணி வெயில்போல் சாய்ந்திருக்கும். ஊரில் பழகிய கணக்கில் "நாலு மணிக்குக் கிளம்பலாம்" என்று தூங்கிவிட்டால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். எல்லாத் திட்டத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் இழுத்து வையுங்கள். ஐந்தரைக்கு எழுந்துவிட்டால் அந்தமான் இரட்டிப்பாகக் கிடைக்கும்.

செல்லுலார் சிறை காலை 9 மணிக்குத் திறக்கும். நடுவே மதிய இடைவேளை. மாலை நான்கே காலுக்குப் பிறகு உள்ளே விடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நுழைவுக் கட்டணம் 30 ரூபாய் அளவில்தான். விமானத்திலிருந்து இறங்கி, அறையில் பையை வைத்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு உள்ளே இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகளாகக் கட்டிய சிறை. இன்று மூன்று கிளைகள்தாம் மிச்சம். ஒவ்வோர் அறையின் கதவும் எதிர்க் கிளையின் முதுகுச் சுவரைப் பார்த்தபடி இருக்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். ஓர் அறைக்குள் தனியாகப் போய்ச் சில நிமிடம் நில்லுங்கள். செக்கு இழுத்த கொட்டகையும் தூக்குமேடையும் முற்றத்திலேயே இருக்கின்றன. நண்பர்களோடு போகும்போது படம் எடுப்பதும் சிரிப்பதும் இயல்புதான். தூக்குக் கயிற்றின் முன்னால் நின்று அதைச் செய்யாதீர்கள்.

மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் நடக்கும், தனிக் கட்டணம். இருக்கைகள் சீக்கிரம் தீரும் என்பதால் முன்பே பதிவு செய்யுங்கள். எந்த மொழிக் காட்சி என்பதைப் பார்த்து எடுங்கள். வந்து உட்கார்ந்த பிறகு மாற்ற மாட்டார்கள்.

ராஸ் தீவுக்கு அபர்தீன் துறையிலிருந்து படகு. பத்து, பதினைந்து நிமிடம்தான். ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்த தீவு அது. தேவாலயம், ரொட்டிக் கூடம், ஆணையர் மாளிகை எல்லாவற்றையும் இப்போது ஆலமர, அத்தி வேர்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன. மான்கள் பக்கத்தில் வரும், தின்பண்டம் கொடுக்காதீர்கள். ராஸையும் நார்த் பே தீவையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்பார்கள். நார்த் பேயில் நீர் விளையாட்டு விற்பதுதான் முக்கிய வேலை; ஹேவ்லாக் போய் வந்தவர்களுக்கு அது தேவையில்லை. ராஸ் மட்டும் போய்வரும் படகைக் கேட்டு வாங்குங்கள்.

போர்ட் பிளேரில் தமிழ் பேசும் கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் ஏராளம். பல தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழர்கள். இட்லியும் மீன் குழம்புச் சாப்பாடும் அபர்தீன் கடைத்தெருவைச் சுற்றியே கிடைக்கும். ஆட்டோக் கட்டணத்தை ஏறும் முன் பேசிவிடுங்கள்.

8. ஹேவ்லாக்: இரண்டு இரவாவது

ஸ்கூட்டர் வாடகை ஒரு நாளைக்கு 500 ரூபாய் அளவில். வண்டியை எடுக்கும் முன் நான்கு பக்கமும் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்குப் பணம் கேட்கும் பேச்சு அதோடு முடிந்துவிடும். பெட்ரோல் நிலையம் அடிக்கடி கிடையாது என்பதால் எடுத்ததும் நிரப்புங்கள். தலைக்கவசம் இரண்டு கேட்டு வாங்குங்கள்.

ராதாநகர் கடற்கரை படகுத் துறையிலிருந்து 12 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மேற்கு நோக்கிய கரை என்பதால் அந்திக்குத்தான் எல்லோரும் போவார்கள். மூன்று மணிக்கே போய்ச் சேருங்கள். குளிக்கவும் நேரம் இருக்கும். காலாபத்தர் கிழக்குக் கரை, விடியலுக்கு அது. எலிபெண்ட் பீச்சுக்குப் படகிலோ காட்டு வழியிலோ போகலாம். பிற்பகலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காலையிலேயே போங்கள்.

உவர்நீர் முதலைகள் இந்தத் தீவுகளில் உண்மையாகவே இருக்கின்றன. சதுப்பு ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் எச்சரிக்கைப் பலகை இருக்கும். பலகை இருக்கும் இடத்தில் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில், கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்குபவர் நெருங்கிய நண்பராக இருந்தாலும் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வாருங்கள். அவர் கோபப்பட்டால் பரவாயில்லை.

பயிற்சியாளரோடு மூழ்கிப் பார்க்க நீச்சல் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுத வேண்டும்: ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இரத்த அழுத்தம், வலிப்பு எதையும் மறைக்காதீர்கள். சளி இருந்தால் அன்று வேண்டாம். காதில் அழுத்தம் ஏறி வலிக்கும். மூழ்கிய பிறகு ஒரு நாளாவது விமானம் ஏறக் கூடாது. மேலே சொன்ன அட்டவணையில் சனிக்கிழமை மூழ்கி, புதன்கிழமை பறக்கிறோம்; அதில் சிக்கல் இல்லை. கடைசி நாளுக்கு இதைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. மலிவு விலைக்காகக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பயிற்சியாளருக்கு ஒருவர் மட்டுமா என்று கேளுங்கள். இரண்டு பேர், மூன்று பேர் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

9. நீல் தீவு: கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள்

சிறிய தீவு, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலம்தான் எல்லோரும் தேடி வரும் இடம். கடல் வற்றும் நேரத்தில் மட்டுமே அதை நடந்து போய்ப் பார்க்க முடியும். நாளுக்கு இரண்டு முறை வற்றும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். தங்குமிடத்தில் இறங்கியதும் முதல் கேள்வியாக "இன்றும் நாளையும் கடல் எப்போது வற்றும்?" என்று கேளுங்கள். வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போய், ஏறத் தொடங்கும் முன் திரும்புங்கள். பிடிப்பான செருப்பு வேண்டும். உயிருள்ள பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். குழிகளில் தேங்கிய நீரைப் பார்த்தபடி பாறை மேலேயே நடந்து போகலாம்.

சீதாபூர் விடியலுக்கு, பரத்பூர் குளிக்க. அதற்கு மேல் நீலில் ஓட வேண்டியதில்லை.

10. பாராடாங்: போகாதீர்கள் என்பதே என் கருத்து

எந்த முகவரும் பாராடாங் தீவுக்கான இந்த ஒருநாள் பயணத்தைச் சேர்த்து விற்பார். சுண்ணாம்புக் குகை, சதுப்புக் காட்டுப் படகு என்பார்கள். அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடிகாலையிலேயே வரிசையில் நின்று, குறிப்பிட்ட நேரங்களில் காவலர் துணையோடு வண்டிகள் கூட்டமாகப் போக வேண்டும். 2002-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சாலையின் பகுதிகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. இன்னமும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, பல மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து, சில நிமிடம் ஒரு குகையைப் பார்க்கிறோம் என்பது ஒரு பக்கம். சில நூறு பேரே இருக்கும் ஒரு மக்களின் வாழ்விடத்துக்குள் நம் வண்டி வரிசை தினமும் புகுந்து வெளியேறுகிறது என்பது மறுபக்கம். எனக்கு இரண்டாவது காரணமே போதும். அந்த நாளை ஹேவ்லாக்கில் கழியுங்கள். எப்படியும் போவது என்று குழு முடிவு செய்தால், வழியில் நிறுத்துவதும், படம் எடுப்பதும், எதையாவது கொடுப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதை வண்டி புறப்படும் முன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

11. திரும்பும் நாளில்

கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் ஊடுகதிர்ச் சோதனையில் தெரிந்துவிடும்; பறிமுதல் செய்வார்கள், பவளம் என்றால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்கும் வரலாம். குழுவில் யாராவது ஒருவர் அழகுக்காக ஒன்றை எடுத்து வைத்திருப்பார். முந்தைய இரவே எல்லோருடைய பையையும் பார்த்துவிடுங்கள். கடையில் வாங்கிய சங்கு நகை என்றால் ரசீதைப் பையின் மேலாகவே வையுங்கள். ஈரத் துணிகளால் பை கனத்துப் போயிருக்கும். 15 கிலோவுக்கு மேல் போனால் கூடுதல் கட்டணம் என்பதால் அறையிலேயே துணிகளை உலர்த்தி, ஆளுக்கு ஆள் பங்கிட்டுக் கட்டுங்கள். விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நிலையத்தில் இருங்கள். அபர்தீன் பகுதியிலிருந்து அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஊர் வந்து சேர்ந்த வாரத்துக்குள் ரத்தான படகு, கொடுத்த முன்பணம் எதற்காவது திரும்ப வர வேண்டிய தொகை இருக்கிறதா என்று பார்த்து, பதிவு எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் மட்டும் கேட்டால் சாட்சி இருக்காது.